எடை குறைப்புக் கட்டுரையில் விட்டுப்போனது

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழின் நலம் பக்கத்தில் வந்த எடை குறைப்புக் கட்டுரையைப் படித்தேன். சீரகத் தண்ணீர், கிரீன் டீ, கொள்ளு ரசம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, இவையெல்லாம் மெட்டபாலிசத்தை முடுக்கிவிட்டுக் கொழுப்பைக் கரைக்கும், கரைந்தது வியர்வையாக வெளியேறிவிடும் என்று எழுதியிருந்தார்கள். கொள்ளு ரசத்தின் மேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை, எங்கள் வீட்டிலும் அடிக்கடி வைப்பதுதான். ஆனால் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறவள் என்பதால் இந்த 'முடுக்கிவிடும்' பேச்சை அப்படியே விட மனம் வரவில்லை. இதை நம்புகிறவர்கள்தான் ரசம் வேலை செய்யவில்லை என்றதும் இணையத்தில் மாத்திரை தேடப் போகிறார்கள்.

முதலில் அந்த வியர்வை. செல் கொழுப்பை முழுக்கச் சிதைத்து முடித்தால் மிஞ்சுவது கரியமில வாயுவும் தண்ணீரும்தான். ஆஸ்திரேலியாவில் ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் என்ற இருவர் 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள்: 10 கிலோ கொழுப்பு குறைந்தால் அதில் 8.4 கிலோ மூச்சு வழியாகக் கரியமில வாயுவாகப் போகிறது, தண்ணீராவது 1.6 கிலோதான். அதற்காக வேகவேகமாக மூச்சு விட்டு இளைக்கலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம், தலைதான் சுற்றும்.

சரி, சிதைக்கும் வேகத்தை யார் தீர்மானிக்கிறார்கள்? கட்டுரை இதைத் தொடவே இல்லை. சோறோ எண்ணெயோ, கடைசியில் சின்னத் துண்டுகளாகி, செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் அறையான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகிறது. அங்கே அவற்றிலிருந்து எலக்ட்ரான்கள் உருவப்பட்டு, உள்சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள் வழியாகக் கைமாறிக் கைமாறி, நாம் இழுத்த ஆக்ஸிஜனிடம் போய்ச் சேர்ந்து தண்ணீராகின்றன. ஆக்ஸிஜனின் வேலை அந்தக் கடைசிக் கட்டத்தில்தான், சோற்றை அது நேராகத் தொடுவதில்லை. எலக்ட்ரான் கைமாறும்போது கிடைக்கும் சக்தியை வைத்து அந்தப் புரதங்கள் புரோட்டான்களைச் சவ்வுக்கு வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அணையில் தேக்கிய தண்ணீரை மதகு வழியாக விட்டு மின்சாரம் எடுக்கிற மாதிரி, தேங்கிய புரோட்டான்கள் ஒரே ஒரு நொதி வழியாகத் திரும்பி வரும்போது அந்த நொதி நிஜமாகவே சுழல்கிறது, நொடிக்கு நூறு சுற்றுக்கும் மேல், சுற்றுக்கு மூன்று ஏடிபி, அதாவது செல் தன் வேலைகளுக்குச் சக்தியாகச் செலவழிக்கும் மூலக்கூறு. ஜப்பானில் 1997-இல் இந்தச் சுழற்சியைப் படமே பிடித்துவிட்டார்கள்.

(ஏடிபியை 1929-இல் ஜெர்மனியில் கார்ல் லோமான் கண்டுபிடித்தார்; அதே வருஷம் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேவும் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டுப் போன எல்லாப்பிரகட சுப்பாராவும் சேர்ந்து தனியே கண்டுபிடித்தார்கள். சக்தியைப் பற்றி ஒரு பக்கம் எழுதும் இடத்தில் அவருக்கு ஒரு வரி கொடுத்திருக்கலாம்.)

விஷயம் இங்கேதான் இருக்கிறது. உடம்பில் ஒரு நேரத்தில் இருக்கும் ஏடிபி சில பத்து கிராம்தான், ஆனால் ஒரு நாளில் சுழற்சியாக நம் எடை அளவுக்கு உண்டாகிச் செலவாகிறது. செலவாகும்போது ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட் கழன்றுவிடுகிறது, மிஞ்சும் அந்தக் குறைந்த வடிவம்தான் அந்த நொதிக்கு மூலப்பொருள்; பெயர் சொல்லிக் குழப்பவில்லை, செலவானால்தான் மறுபடி செய்ய முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் சும்மா உட்கார்ந்திருந்தால் நொதி மெதுவாகிறது, புரோட்டான் தேங்குகிறது, எலக்ட்ரான் ஓட்டமும் தளர்கிறது, சாப்பிட்டதில் மிச்சம் கொழுப்பாகப் போய் உட்காருகிறது. வேகத்தைத் தீர்மானிப்பது செலவு. காபி கொஞ்சம் கூட்டும், சொற்பம்தான். தைராய்டு ஹார்மோன் அளவுக்கு மீறினால் நன்றாகவே கூடும், அதற்கு வைத்தியம் பார்க்கிறோம்.

செலவே இல்லாமல் வேகத்தைக் கூட்ட ஒரு வழி உண்டு, அந்த அணையின் கரையில், அதாவது சவ்வில், ஓட்டை போடுவது. டிஎன்பி என்கிற டைநைட்ரோபீனால் செய்வது அதைத்தான். மஞ்சள் நிறத்தில் இருக்கும் ஒரு ரசாயனப் பொடி. முதல் உலகப் போரின்போது பிரான்சில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் இதைக் கையாண்ட தொழிலாளிகள் வியர்த்துக் கொட்டி, இளைத்து, சிலர் காய்ச்சலில் செத்தும் போனார்கள். அதற்குப் பிறகும் 1933-இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் இதை எடை குறைக்கும் மருந்தாக முன்வைத்தார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் வாங்கி விழுங்கினார்கள், எடை குறையத்தான் செய்தது. கூடவே கண்புரை வந்தது, சாவும் வந்தது. 1938-இல் அங்கே அதற்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள்.

டிஎன்பி புரோட்டானைத் தூக்கிக்கொண்டு சவ்வை நேராகக் கடந்துவிடும். நொதி சுழலாது, ஏடிபி உண்டாகாது, சக்தி முழுக்கச் சூடாகிவிடும். செல்லோ ஏடிபி போதவில்லை என்று இன்னும் வேகமாகக் கொழுப்பைச் சிதைக்கும், இன்னும் சூடேறும். பிறந்த குழந்தையின் பழுப்புக் கொழுப்பில் உடம்பே இந்த ஓட்டையைக் குளிருக்காக வைத்திருக்கிறது, ஆனால் அங்கே திறக்கவும் மூடவும் ஒரு புரதம் இருக்கிறது. மாத்திரைக்கு அது கிடையாது. இது ஏன் இப்படி வேலை செய்கிறது என்பதே 1961-இல் பிரிட்டிஷ் விஞ்ஞானி பீட்டர் மிட்செல் புரோட்டான் தேக்கத்தைப் பற்றிச் சொன்ன பிறகுதான் பிடிபட்டது. அவரைப் பல வருஷம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, 1978-இல் நோபல் கொடுத்தார்கள்.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2015-இல் இண்டர்போல் இந்தப் பொடியைப் பற்றி 190 நாடுகளுக்கு எச்சரிக்கை அனுப்பியது. பிரிட்டனில் 2023-இல் இதை விஷப் பட்டியலில் சேர்த்தார்கள். 'ஃபேட் பர்னர்' என்ற பெயரில் இணையத்தில் இன்னும் விற்கிறார்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த இதழில் அதே பக்கத்தில் ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள்: டிஎன்பி கலந்த எதையும் வாங்கக் கூடாது, இதற்கு மாற்று மருந்து கிடையாது. விழுங்கியவருக்கு உடம்பு கொதித்து, வியர்த்து, படபடப்பு வந்தால் காய்ச்சல் மாத்திரையைப் போட்டுவிட்டு வீட்டில் காத்திருக்கக் கூடாது, அந்த டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
திருச்சி