மின்தடைக்குப் பின் தானாக இயங்காத மினி பிசி தொடர்பான புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்

பொருள்: வாக்களித்த வசதி இல்லாத கணினிக்குத் தீர்வு கோருதல்

ஐயா / அம்மையீர்,

காரைக்குடியில் என் பெற்றோர் வசிக்கும் வீட்டின் நெட்வொர்க்குக்காக, இன்டெல் என்100 பிராசஸரும் இரண்டு லேன் போர்ட்டுகளும் (நெட்வொர்க் கேபிள் செருகும் இடங்கள்) கொண்ட மினி பிசி ஒன்றைக் கடந்த மாதம் தங்கள் இணையக் கடையில் வாங்கினேன். அதுவரை ரவுட்டராகவும் வாசல் கேமராவின் பதிவுப் பெட்டியாகவும் இருந்த பழைய டெஸ்க்டாப், சும்மா இருக்கும்போதே 55 வாட் இழுத்தது. இரவு பகலாக ஓடும் கணினியில் ஒவ்வொரு வாட்டும் ஆண்டுக்கு 8.76 யூனிட் என்பதால், அது மட்டுமே ஆண்டுக்கு 480 யூனிட்டைத் தாண்டியது. கையில் இருந்த ராஸ்பெரி பை 4 என்னும் சிறு கணினிப் பலகையில் ஒரே ஒரு லேன் போர்ட்தான்; ரவுட்டருக்கோ வெளி இணைப்புக்கு ஒன்றும் வீட்டுக்கு ஒன்றும் வேண்டும் என்பதால் அதை விட்டுவிட்டேன். மின்சாரம் வந்ததும் தானே எழுந்துவிடும் அந்தச் சிறு பலகையை இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

மின்சாரம் போய்த் திரும்பினால் யாரும் பொத்தானை அழுத்தாமலே கணினி இயங்குமா என்று வாங்கும் முன்பே தங்கள் சாட்டில் கேட்டேன். கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருளான பயாஸில் அந்த வசதி உண்டு என்று பதில் வந்தது. ஆனால் வந்து சேர்ந்த கணினியின் பயாஸில் எல்லாப் பக்கங்களையும் தேடியும் அப்படியொரு அமைப்பே இல்லை.

ஃபைபர் இணைப்பு வரும் பரணில்தான் இக்கணினியும் இருக்கிறது. சென்ற வாரம் மூன்று முறை மின்சாரம் போனது. மூன்று முறையும் 74 வயதான என் தந்தை முக்காலியில் ஏறி, கைபேசி வெளிச்சத்தில் அந்தச் சுண்டுவிரல் நுனியளவுப் பொத்தானைத் தேடி அழுத்த வேண்டியிருந்தது.

தங்கள் சேவைப் பிரிவு முதலில், தொலைவிலிருந்தே மின்சாரத்தை நிறுத்தித் தரக்கூடிய ஸ்மார்ட் பிளக் வாங்கச் சொன்னது. பிளக் மின்சாரத்தைத்தான் தரும். மின்சாரம் வந்தும் எழாத பெட்டிக்கு அதனால் பயன் இல்லை. அடுத்து, நெட்வொர்க் வழியே சமிக்ஞை அனுப்பிக் கணினியை எழுப்பும் வேக்-ஆன்-லேன் முறையைப் பரிந்துரைத்தார்கள். அந்தச் சமிக்ஞையை வீட்டுக்குள் விழித்திருக்கும் வேறொரு கருவி அனுப்ப வேண்டும். நானோ சென்னையில் இருக்கிறேன், அந்த வீட்டு நெட்வொர்க்குக்குள் நான் நுழையும் ஒரே வழி அணைந்துகிடக்கும் இதே கணினிதான். கடைசியாக, பொத்தானை அழுத்தினால் இயங்குவதால் இது குறைபாடு ஆகாது என்று எழுதிப் புகாரை முடித்துவிட்டார்கள்.

விளம்பரத்தில் ‘6 வாட் மட்டுமே’ என்றிருப்பது பிராசஸரின் அளவு. மீட்டரில் முழுக் கணினியும் சும்மா இருக்கையில் 9 வாட் காட்டுகிறது. அதைப் பெரிதுபடுத்த நான் விரும்பவில்லை. கேட்டு உறுதிசெய்த பின்பே வாங்கிய வசதி இல்லாததுதான் என் புகார்.

ஆகவே, அந்த அமைப்பைத் தரும் பயாஸ் புதுப்பிப்பை 15 நாட்களுக்குள் வழங்குங்கள். இயலாதெனில் தங்கள் செலவில் கணினியை எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, இப்புகாருக்கு 48 மணி நேரத்துக்குள் ஒப்புகையை எதிர்பார்க்கிறேன். சாட் உரையாடலின் நகலும் பயாஸ் பக்கங்களின் படங்களும் ரசீதும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
சென்னை