பள்ளிகளின் பொதுத் தகவல் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க விரும்பும் பெற்றோருக்குச் சில ஆண்டுகளாக மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் கண்ட ஒரு குறையை உங்கள் பார்வைக்கு வைக்கவே இம்மடல்.

மகளின் மாற்றுச் சான்றிதழில் பிறந்த தேதி தவறாக இருந்ததால், சேர்க்கைப் பதிவேட்டில் அவள் பெயர் உள்ள பக்கத்தின் நகலை ஒரு தாய் கேட்டார். இருபத்தொன்பதாம் நாள் ஒற்றை வரியில் பதில் வந்தது: மூன்றாம் நபர் தகவல் என்பதால் வழங்க இயலாது. “பெத்த பிள்ளைக்கு நான் மூணாம் மனுஷியா சார்?” என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அதே பள்ளியின் அறிவிப்புப் பலகையில், உதவித்தொகை பெறும் மாணவர்களின் பட்டியல் சாதி, வங்கிக் கணக்கு எண் உட்பட யாரும் படிக்கும்படி ஒட்டப்பட்டிருந்தது.

காக்க வேண்டியதைத் திறந்து போட்டு, கொடுக்க வேண்டியதைப் பூட்டி வைக்கும் இந்தத் தலைகீழ் வழக்கம்தான் என் வருத்தம். தனிப்பட்ட தகவலுக்கான 8(1)(ஜே) விலக்கு, குழந்தையின் விவரம் அயலார் கைக்குப் போகாமல் தடுப்பதற்கானது; அந்தக் குழந்தைக்கும் அதன் பெற்றோருக்கும் எதிராக அதை நீட்டுவது முறையாகாது. தேர்வெழுதியவர் திருத்தப்பட்ட தம் விடைத்தாளைப் பார்க்க உரிமையுடையவர் என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே மத்திய இடைநிலைக் கல்வி வாரிய வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. பதிவேட்டுப் பக்கத்தில் மற்றப் பிள்ளைகளின் விவரங்கள் இருந்தால், அவர்களுடைய வரிகளின் மேல் வெள்ளைத்தாளை வைத்து மறைத்து நகலெடுத்தால் போதும். பிரிவு 10 சொல்லும் பகுதியளவு வழங்கல் என்பது அவ்வளவுதான்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 மேற்சொன்ன விலக்கை இன்னும் விரிவாக்கியிருப்பது எனக்குக் கவலை தருகிறது. ஆனாலும் பொதுநலன் மேலோங்கும்போது தகவலை வழங்க இடமளிக்கும் பிரிவு 8(2) அப்படியேதான் இருக்கிறது. காலிப் பணியிடங்கள், கட்டட நிதிச் செலவு, கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்கும் 25 விழுக்காட்டு இடங்களில் எத்தனை நிரப்பப்பட்டன என்ற எண்ணிக்கை ஆகியவற்றில் எந்தக் குழந்தையின் அந்தரங்கமும் இல்லை. அவற்றுக்கும் அதே வரியைப் பதிலாக எழுதாதீர்கள்.

அரசு உதவி பெறும் பள்ளிகள் “நாங்கள் தனியார்” என்று ஒதுங்குவதும் செல்லாது. அரசு நிதியைக் கணிசமாகப் பெறும் கல்வி நிறுவனங்கள் இச்சட்டத்துக்கு உட்பட்டவையே என்று உச்ச நீதிமன்றம் 2019 செப்டம்பரில் சொல்லியிருக்கிறது. உதவி பெறாத பள்ளியானாலும், வேறொரு சட்டப்படி கல்வி அலுவலர் கேட்டுப் பெறக்கூடிய விவரத்தை, பிரிவு 2(எஃப்)-இன்படி அந்த அலுவலர் வழியாக மக்களும் பெறலாம். இந்த வழி இருப்பதே பலருக்குத் தெரியாது என்பதால், மனுவைத் திருப்பும்போதாவது அதைச் சொல்லுங்கள்.

உங்கள் பணிச்சுமையை அறிவேன். பல பள்ளிகளில் வகுப்பெடுக்கும் தலைமையாசிரியரே இம்மனுக்களுக்கும் பதில் எழுதுகிறார். காரணமின்றித் தகவலைத் தாமதிக்கும் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் என்ற தண்டத்தைக் காட்டி மிரட்ட நான் இதை எழுதவில்லை. நான் வேண்டுவது இரண்டு: கேட்பவர் அந்தக் குழந்தையின் பெற்றோர்தானா என்பதை அடையாளச் சான்று பார்த்து உறுதிசெய்து, பதிவேட்டு நகலை மேல்முறையீடு வரை இழுக்காமல் கொடுங்கள், அறிவிப்புப் பலகையில் உள்ள அந்தப் பட்டியலை இன்றே கழற்றுங்கள்.

இப்படிக்கு,
மனு எழுதித் தரும் ஒரு குடிமகன்