கை குலுக்க வைத்தால் தீர்ந்துவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூனில் பள்ளி திறந்த இரண்டு மூன்று வாரத்துக்குள், வகுப்பில் யார் யாரை அடக்கி வைப்பது என்பது பிள்ளைகளுக்குள் முடிவாகிவிடுகிறது. ஒரு பிள்ளையை மற்றவர்கள் திரும்பத் திரும்பச் சீண்டி வதைக்கிறார்கள் என்று ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கம் புகார் போனால் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். இரண்டு பிள்ளைகளையும் தலைமையாசிரியர் அறைக்கு அழைத்துப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, "சாரி சொல்லு, கை குடு, இனிமே ஃபிரண்ட்ஸா இருங்க" என்று பேசி முடித்துவிடுகிறார்கள். வரப்புத் தகராறுக்கு உட்கார்ந்து பேசுவது சரி. இதற்கு அது ஆகாது.

சண்டை என்றால் இரு பக்கமும் பலம் ஏறக்குறைய சமம். சீண்டி வதைப்பது வேறு. 1970களிலேயே அதை ஆராய்ந்த உளவியலாளர் டான் ஓல்வியஸ் சொன்ன அடையாளங்கள் மூன்று: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாத பிள்ளையிடம் செய்வது. அந்த மூன்றாவதை மறந்துதான் பஞ்சாயத்து வைக்கிறோம். தன்னை வதைப்பவன் பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. "ஒண்ணுமில்லீங்க சார், சும்மா வெளயாட்டு" என்றுதான் சொல்லும். வெளியே வந்ததும் "போட்டுக்குடுத்தவன்" என்ற பட்டப்பெயரும் சேர்ந்துகொள்ளும். அடுத்த முறை அந்தப் பிள்ளை யாரிடமும் சொல்லாது. புகார் நின்றுவிட்டதால் பிரச்சினை தீர்ந்ததாகப் பள்ளி நினைத்துக்கொள்ளும்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய முதல் பொருள் தண்ணீர் பாட்டில். காலையில் நிரப்பிக் கொடுத்தது மாலையில் அப்படியே திரும்பி வருகிறதா? வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் கழிவறைக்கு ஓடுகிறதா? பள்ளிக் கழிவறைப் பக்கம் போகப் பயந்து நாள் முழுக்க அடக்கி வைத்திருக்கும் பிள்ளை இப்படித்தான் இருக்கும். கழிவறை அசுத்தமாக இருந்தாலும் இதே நடக்கும் என்பதால் இரண்டையும் கேளுங்கள். ஞாயிறு சாயங்காலம் மட்டும் வரும் வயிற்றுவலி, நோட்டில் கிழிந்த பக்கங்கள், "வேற வேன்ல போறேன்" என்ற பிடிவாதம் ஆகியவையும் அடையாளங்களே.

தெரியவந்ததும் "நீ என்ன பண்ணுன?" என்று கேட்காதீர்கள். "நீயும் திருப்பி அடி" என்பதும் வேண்டாம். முடிந்திருந்தால் எப்போதோ அடித்திருக்கும். எதிர்ப் பிள்ளையின் வீட்டுக்கு நேரே போகாதீர்கள். நம் ஊரில் அது ஒரே ராத்திரியில் சொந்தபந்தம், சாதி என்று பெரியவர்கள் சண்டையாகிவிடும். எந்த இடம், எந்த நேரம், என்ன சொன்னார்கள், பக்கத்தில் யார் நின்றார்கள் என்று பிள்ளை சொன்ன வார்த்தையிலேயே தேதி போட்டு எழுதி, தலைமையாசிரியரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாட்ஸ்ஆப்பில் வந்ததென்றால் அழிக்கும் முன் எண்ணும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுப் பிறகு பிளாக் செய்யுங்கள். ஆபாசப் படமாக இருந்தால் யாருக்கும், ஆசிரியருக்குக்கூட, அனுப்பாதீர்கள். அது போக்சோ விஷயம், காவல் நிலையத்துக்குத்தான் போக வேண்டும்.

பள்ளி செய்ய வேண்டியதில் வரிசை முக்கியம். முதலில் பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டும். பிறகு பார்த்துக்கொண்டு நின்றவர்களை ஒவ்வொருவராக. செய்த பிள்ளை கடைசியில். கூட்டமாகச் செய்திருந்தால் அவர்களையும் ஒரே நாளில், ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள இடைவெளி இல்லாமல், தனித்தனியே அழைக்க வேண்டும். யார் சொன்னது என்பதை வெளியிடவே கூடாது. "இது எங்களுக்குத் தெரியும், இன்றோடு நிற்க வேண்டும், நாளையிலிருந்து நீ என்ன மாற்றிச் செய்வாய்?" என்று கேட்டுப் பதிலை எழுதிக்கொள்ளலாம். ஒரு வாரம் கழித்துப் பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் விசாரித்து, மூன்றாவது வாரம் மறுபடியும் கேட்க வேண்டும். இந்த இரண்டாவது விசாரிப்பைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சீண்டல் கொஞ்சம் அடங்கிவிட்டு மறுபடி தலைதூக்கக்கூடும்.

பின்லாந்துப் பள்ளிகளின் கிவா என்ற சீண்டல் தடுப்புத் திட்டத்தில், வகுப்பில் மதிப்புள்ள இரண்டு முதல் நான்கு பிள்ளைகளை ஆசிரியர் அழைத்து, பாதிக்கப்பட்ட பிள்ளைக்குத் துணையாக இருக்கச் சொல்கிறார். கனடாவில் விளையாட்டு மைதானங்களைப் படம்பிடித்துப் பார்த்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், சக பிள்ளைகள் குறுக்கிட்டபோது பாதிக்கு மேற்பட்ட தடவை பத்து வினாடிக்குள் சீண்டல் நின்றிருக்கிறது. குறுக்கிடுவது என்றால் மல்லுக்கு நிற்பதல்ல. "டேய், மிஸ் உன்னக் கூப்புடறாங்க, வா" என்று கையைப் பிடித்து அந்த இடத்திலிருந்து கூட்டிப் போனால் போதும். இந்த ஒரு வாக்கியத்தை எல்லா வகுப்பிலும் சொல்லிக்கொடுக்கலாம்.

எங்கே நடக்கிறது என்று கண்டுபிடிப்பதும் எளிது. பள்ளியின் வரைபடத்தை ஆளுக்கொரு தாளில் கொடுத்து, பெயர் எழுதாமல், பயமாக இருக்கும் இடத்தில் சிவப்புப் புள்ளி வைக்கச் சொன்னால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். குழாயடி, கழிவறை வாசல், சைக்கிள் நிறுத்துமிடம் என்று புள்ளிகள் குவிந்த இடத்தில் இடைவேளையில் ஓர் ஆசிரியர் நின்றாலே சீண்டல் குறையும். வேனில் கடைசி சீட்டுத்தான் அப்படிப்பட்ட இடம். தோட்டத்து வீடுகளைச் சுற்றிச் சுற்றி ஒரு மணி நேரம் ஓடும் வண்டியில் சின்னப் பிள்ளைகளை முன்னால் உட்காரவைத்து, சீட்டைப் பெயர் போட்டு நிரந்தரமாக்க வேண்டும். உதவியாளர் முன்சீட்டில் அல்ல, பின்பாதியில் உட்கார வேண்டும்.

திருப்பூர் பள்ளிகளில் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் உச்சரிப்புக்காகவே சீண்டப்படுகிறார்கள். புகார் சொல்லக்கூட அவர்களிடம் மொழி இல்லை. அவர்களுக்காவது சிவப்புப் புள்ளித் தாள் கட்டாயம் போய்ச் சேர வேண்டும். பட்டியலினப் பிள்ளையைச் சாதி சொல்லி இழிவுபடுத்துவதைக் கேலிக் கணக்கில் எழுதவே கூடாது. அதற்கு 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. விடுதிகளில் நடப்பதற்கு 1997ஆம் ஆண்டு ராகிங் தடைச் சட்டம் இருக்கிறது.

பள்ளி அசையவில்லை என்றால் 14417 கல்வி உதவி எண்ணுக்கும், 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கும் பேசலாம். 1098க்குப் பிள்ளையே கட்டணமில்லாமல் அழைக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் வேன் சீட்டுப் பட்டியலையும் இடைவேளைக் கண்காணிப்புப் பட்டியலையும் பெற்றோர் கேட்டு வாங்கிப் பார்க்கும்படி வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பள்ளி மாணவர் ஆலோசகர்கள் சிலர்,
கோபிசெட்டிபாளையம்.