அரைப்பதற்கு முன்னால் ஒரு ஸ்லைடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய், அதனால்தான் பேப்பரும் பேனாவும். இங்கே எல்லாரும் நலம். வெயில் தொடங்கிவிட்டது. வேலூர் வெயிலைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பா இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வாங்கி வரும்போதெல்லாம் உன் பேச்சுதான்.

எலும்பு மஜ்ஜைச் செல்களின் புரதங்களை அளக்கும் உன் ஆராய்ச்சி பற்றி ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பாதி அழுகையில் சொன்னதை யோசித்துக்கொண்டே இருந்தேன். "ஒரே ஆளோட மஜ்ஜைதாம்மா, மூணு சாம்பிள் போட்டேன், மூணும் மூணு விதமா வருது" என்றாய். அப்புறம் "இதெல்லாம் யாருக்கு உதவப் போகுது" என்றும் ஒரு வார்த்தை. முதலில் இரண்டாவதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஜீனின் நகலான ஆர்என்ஏவை எண்ணினால் மட்டும் போதாது, எந்த ஜீன் பேச வேண்டும், எது வாயை மூட வேண்டும் என்பதைப் புரதங்கள்தான் முடிவு செய்கின்றன என்று நீ சொல்வாயே, எனக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை. ஏபிஎல் என்ற ரத்தப் புற்றுநோயின் ஸ்லைடை லேபில் பார்த்தவளுக்கு எப்படி வரும்? லீஷ்மன் ஸ்டெயின் என்ற சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் எண்ணெய் விட்டுப் பார்க்கும் ஆயில் இம்மெர்ஷனில் வைத்தால், செல் முழுக்க ஊதாத் துகள், நடுவில் கத்தையாக ஆவர் ராடுகள் என்ற ஊசி போன்ற குச்சிகள். அதைப் பார்த்ததும் ரிப்போர்ட் டைப் ஆகட்டும் என்று காத்திருக்க மாட்டோம், வார்டுக்குப் போன் போட்டுவிடுவோம். அந்த நோயில் முதலில் ஆளைக் கொல்வது ரத்தக் கசிவு.

15ஆம் குரோமோசோமும் 17ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொள்வதால் பிறக்கும் பிஎம்எல்-ராரா என்ற ஒட்டுப் புரதம்தான் அங்கே வில்லன். ஜீன்கள் மேல் உட்கார்ந்துகொண்டு செல்லை முதிர விடாது. இதற்கு மருந்தான ஆர்செனிக் ஜீனைத் தொடுவதில்லை. அந்தப் புரதத்தின் பிஎம்எல் பகுதியில் போய் ஒட்டுகிறது. செல் அதன்மேல் முதலில் சூமோ, பிறகு யுபிக்விட்டின் என்ற குட்டிப் புரதங்களை முத்திரையாகக் குத்தி, செல்லின் குப்பை அரைக்கும் மெஷினான புரோட்டியசோமில் தள்ளித் துண்டாக்கிவிடுகிறது. முத்திரை குத்தும் இந்த வழி 2008இல்தான் தெளிவானது. அதற்கு முன்பே நம்ம ஊர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில், 1998 முதல் 2004 வரை வந்த 72 பேருக்கு ஆர்செனிக்கையே பிரதான மருந்தாகக் கொடுத்து, 86 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது என்று 2006இல் எழுதிவிட்டார்கள். காந்தி ரோடு லாட்ஜுகளில் பெட்டியோடு வந்து இறங்கும் குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்கே தெரியும். ஒரு புரதம் இருக்கிறதா, ஒழிந்ததா என்பதுதான் அங்கே வாழ்வும் சாவும். யாருக்கு உதவும் என்று இனிமேல் கேட்காதே.

இப்போது உன் மூன்று சாம்பிளுக்கு வருகிறேன். புரதத் துண்டுகளை எடைபோட்டு அடையாளம் காணும் உன் மாஸ் ஸ்பெக் மெஷின் பற்றி எனக்குப் பாடம் எடுக்கத் தெரியாது. ஆனால் மஜ்ஜை எனக்குத் தெரியும். ஊசியில் முதல் இழுப்பில் வருவது மஜ்ஜை, அடுத்தடுத்து இழுக்க இழுக்க வருவது பெரும்பாலும் ரத்தம். மூன்று குழாயிலும் ஒரே பெயர் ஒட்டியிருக்கும், உள்ளே இருக்கும் சரக்கு வேறு. சிவப்பணு கொஞ்சம் தங்கிவிட்டால் போதும், ஹீமோகுளோபின் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். நீ தேடும் ஜீன் கட்டுப்பாட்டுப் புரதமோ செல்லுக்குள் சொற்பம். கல்யாண மேளத்துக்கு நடுவே யாரோ கிசுகிசுப்பதைக் கேட்கிற கதைதான். செத்த செல் நிறைய இருந்தாலும் இதே தொல்லை, அதன் புரதம் ஏற்கெனவே சிதைந்திருக்கும்.

புரதத்தை நறுக்கும் டிரிப்சினை ஊற்றி, லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள் வரும் இடங்களில் வெட்டிய பிறகு எந்தப் பெப்டைட் துண்டு எந்தச் செல்லிலிருந்து வந்தது என்று எந்த மெஷினும் சொல்லாது. அதனால் அரைப்பதற்கு முன்னால் ஒரு சொட்டு எடுத்து சைட்டோஸ்பின் போடு, அதாவது சுழற்றிச் செல்களை ஸ்லைடில் படியவை. ஸ்டெயின் பண்ணு. நூறு செல்லாவது நீயே எண்ணு: பிளாஸ்ட் என்ற முதிராத செல் எத்தனை, லிம்போசைட் எத்தனை, உடைந்தது எத்தனை. இன்னொரு சொட்டில், செத்த செல்லை நீலமாக்கும் டிரைபான் புளூ. அரை மணி நேர வேலை. உங்கள் லேபில் இதைப் பழைய காலத்து வேலை என்று சிரிப்பார்களாம், சிரிக்கட்டும். செல்களை லேசரில் எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி இருக்கிறதே என்பாய். இருக்கட்டும், அதையும் பார், இதையும் பார்.

அப்புறம், ரிசல்ட்டில் கெரட்டின் கெரட்டினாக வருகிறது என்றாயே, அது உன் தலைமுடியும் தோலும்தான். கம்பளி ஸ்வெட்டரோடு பெஞ்ச் பக்கம் போகாதே. முடியை இறுகப் பின்னிக் குல்லாய்க்குள் விடு. பள்ளிக்கூடம் போகும்போது பின்ன வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மூன்று ஸ்லைடையும் போட்டோ எடுத்து அனுப்பு. லீஷ்மன் அங்கே கிடைக்காவிட்டால் மே கிரன்வால்ட் கீம்சா போதும். 100 எக்ஸ் லென்ஸில் எடு, எண்ணெய் போட மறக்காதே. உன் எண்ணிக்கையை முதலில் சொல்லாதே, நான் எண்ணி முடித்த பிறகு ஒப்பிடலாம்.

அன்புடன்,
அம்மா