மேலூர் வட்டாரப் பட்டறைத் திருப்பணி: நிறைவு அறிக்கை

சிங்கப்பூர், மலேசியா, துபாய், கத்தார் என்று பல நாடுகளில் இருக்கும் நம் ஊர்ப் பங்குதாரர்களுக்கும், ஊரில் இருக்கும் உறவுகளுக்கும் கமிட்டியின் வணக்கம்.

நெல் களத்துக்குத் தெற்கே தொடங்கிய பட்டறை வேலை முடிந்துவிட்டது. 60 அடி நீளம், 40 அடி அகலத்தில் ஷெட் நிற்கிறது. டிராக்டர், அறுவடை மிஷின், பம்ப் மோட்டார் மூன்றையும் இனி இங்கேயே பழுது பார்க்கலாம். ஐடிஐ முடித்த நம் பிள்ளைகள் 9 பேர் சேர்ந்திருக்கிறார்கள். கணக்கும் உதிரிபாக இருப்பும் பார்க்க 2 பெண்கள்.

ஏன் இந்தத் தொழில் என்று பலர் போனில் கேட்டீர்கள். பெரியாறு பிரதானக் கால்வாயின் ஒருபோகப் பாசனம், அதாவது வருஷத்துக்கு ஒரு பயிர் விளையும் நிலம் மட்டும் 85,563 ஏக்கர். செப்டம்பர் வாக்கில் தண்ணீர் திறந்தால், தை மாசியில் எல்லா வயலும் ஒரே நேரத்தில் விளைந்து நிற்கும். அறுவடை மிஷின்கள் வெளி மாவட்டங்களிலிருந்துதான் வருகின்றன. ஈர வயலில் இறங்கிய பெல்ட் வண்டிக்கு (டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அறுவடை மிஷினுக்கு) பேரிங் போய்விட்டால் மதுரைக்கு ஆள் ஓட வேண்டும். அவர் திரும்பி வருவதற்குள் ஒரு மழை பெய்தாலும் சாய்ந்த கதிர் வயலிலேயே முளைத்துவிடும். அந்த வயிற்றெரிச்சலை அனுபவிக்காத குடும்பம் நம் ஊரில் இல்லை. வேலையும் இங்கே இருந்தது, வேலை தெரிந்த பிள்ளைகளும் இருந்தார்கள். பட்டறைதான் இல்லை.

2012-ல் கிரானைட் குவாரிகள் மூடப்பட்டதும் எத்தனை பேர் திருப்பூருக்கும் வெளிநாட்டுக்கும் கிளம்பினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப்பேர் அப்படிப் போனவர்கள்தான். குவாரியில் கம்ப்ரஸரும் கிரேனும் பழுது பார்த்த இரண்டு பெரியவர்கள்தான் இன்று பட்டறையில் ஆசான்கள். வெல்டிங் தீப்பொறியிலிருந்து கண்ணைக் காக்கும் கண்ணாடி போடாமல் யாரும் உள்ளே வரக் கூடாது என்பது அவர்கள் போட்ட முதல் சட்டம்.

பணம் வந்த வழியையும் சொல்லிவிடுகிறோம். முதலில் எல்லோரும் சேர்ந்து வயல் வாங்கிப் பண்ணை வைக்கலாம் என்றுதான் பேசினோம். வெளிநாட்டில் வாழும் இந்தியர் விவசாய நிலம் வாங்க முடியாது, பரம்பரைச் சொத்தாக வந்தால் வைத்துக்கொள்ளலாம் என்று ஆடிட்டர் தெளிவாகச் சொன்னார். அந்த யோசனையை விட்டோம். மலேசியக் குடியுரிமை பெற்ற உறவினர்கள் நன்கொடையாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகிவிடும், 2010-ம் ஆண்டு வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டப்படி தனி அனுமதி வேண்டும். அதனால் கம்பெனியாகப் பதிந்து, பங்காகவே வாங்கினோம். இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்களும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் ஓசிஐ அட்டை உள்ளவர்களும் மட்டும் வங்கி வழியாகப் போட்டார்கள். ஓசிஐ அட்டை இல்லாத சில அண்ணன்மாரின் பணத்தை வாங்க முடியாமல் போனது. மனம் கசந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உபயம் என்று பெயர் எழுதும் பழக்கம் நமக்கு ரத்தத்தில் இருக்கிறது. அய்யனார் கோயில் டியூப்லைட்டில்கூட அப்பத்தா பெயர் உண்டு, அது நமக்குப் பெருமைதான். பட்டறைச் சுவரில் மட்டும் பெயர் வேண்டாம் என்று கமிட்டி முடிவு செய்தது. இங்கே நீங்கள் கொடுத்தது காணிக்கை இல்லை, பங்கு. லாபம் வந்தால் கேட்க வேண்டும், நஷ்டம் வந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். பெயரைக் கல்லில் வெட்டிவிட்டால் கேட்கக் கூச்சம் வந்துவிடும் என்று பயந்தோம்.

தாமதத்துக்கு மன்னிப்பு. ஷெட் எழுந்த பிறகும் மும்முனை மின் இணைப்புக்கு மாதக்கணக்கில் அலைந்தோம். ஒவ்வொரு முறையும் ஒரு தாள் குறைகிறது என்றார்கள். அந்தக் காலத்தில் ஜெனரேட்டருக்கு ஊற்றிய டீசல் செலவு திட்டத்தில் இல்லாதது. அதையும் மறைக்காமல் கணக்கில் தனியாகக் காட்டியிருக்கிறோம். ரசீதுகள் எல்லாம் மந்தைச் சாவடியில் கோப்பாக இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் புரட்டலாம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் படம் எடுத்து அனுப்பிவிட்டோம்.

இன்னும் பாக்கி இரண்டு. பெல்ட் வண்டி உதிரிபாகங்களை அறுவடைக்கு முன்பே வாங்கி வைக்க வேண்டும். அப்புறம், பழுது பார்க்க ஆள் கேட்டால் நடுராத்திரியிலும் வயலுக்குப் போக ஒரு பழைய மினிவேன் தேவை. இரண்டையும் புதுப் பங்கு கேட்காமல், முதல் பருவ வருமானத்தில் வாங்கலாமா என்று மாட்டுப் பொங்கல் மாலை மந்தையில் கூடிப் பேசுவோம். லீவு கிடைத்தவர்கள் நேரில் வாருங்கள், மற்றவர்கள் வீடியோவில் இருந்தால் போதும்.