தை மாதக் கல்யாணமும் உன் தலைமுடியும்

அன்புள்ள கணேசா,

நாங்கள் எல்லோரும் நலம். உன் மகள் வள்ளிக்கு மாப்பிள்ளை அமைந்த செய்தியைப் படித்ததும் வீடே சந்தோஷப்பட்டது. என்னைச் சித்தப்பா என்று கூப்பிட்டே வளர்ந்த பிள்ளை. முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்பே லீவு போட்டுவிட்டு வந்து நிற்பேன். பந்தி வேலையை என்னிடம் விட்டுவிடு. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது தூரத்து பஸ்ஸின் போர்டை என்னைவிட முன்னால் படித்துச் சொல்லிவிடுகிறாள். பெரியவன் ஓசூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்திருக்கிறான், ஷிப்ட் வேலை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஐப்பசியில் முடி நட்டுக்கொள்ளப் போகிறாய், தை கடைசியில் கல்யாணம், நடுவில் எப்போது டை அடிக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். டைக்கு நாள் சொல்வது சுலபம். ஆனால் அந்த ஐப்பசியே எனக்குச் சரியாகப் படவில்லை.

என் வேலை உனக்குத் தெரியும். டாக்டர் பின்மண்டையிலிருந்து வேரோடு எடுத்துத் தரும் முடிக்கொத்துகளை (கிராஃப்ட் என்போம்) மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, ஒற்றை முடி, இரட்டை முடி, மூன்று முடி என்று பிரித்து, குளிர்ந்த சலைனில் போட்டு வைப்பவன் நான். நட்டவர்கள் பிறகு செக்கப்புக்கு வரும்போதும் பார்க்கிறேன். நட்ட முடி அப்படியே நின்று வளர்வதில்லை. இரண்டாவது வாரத்திலிருந்து இரண்டாவது மாதத்துக்குள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். வேர் உள்ளேதான் இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. மூன்று, நான்கு மாதத்தில்தான் புதிதாக மெல்லிய முடி எட்டிப் பார்க்கும். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரிய ஆறு மாதமாவது ஆகும், முழுப் பலன் தெரிய ஒரு வருஷம். போதாக்குறைக்கு, பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் உன் சொந்த முடியிலும் கொஞ்சம் அந்த அதிர்ச்சியில் தற்காலிகமாக உதிரலாம். கணக்குப் போட்டுப் பார். ஐப்பசியில் நட்டால், தை கடைசியில் நீ தாரை வார்த்துக் கொடுக்க நிற்கும்போது உன் முன்தலை இப்போது இருப்பதைவிடக் குறைச்சலாகத்தான் இருக்கும். வாழ்நாள் முழுக்க வைத்துப் பார்க்கப்போகிற ஆல்பம் அது.

அதனால் நான் சொல்வது, கல்யாணத்துக்கு இருக்கிற முடிக்கு ஒழுங்காக டை அடித்துக்கொள். மாசி, பங்குனியில் நிதானமாக நட்டுக்கொள்ளலாம். ஐம்பத்தைந்து வயதில் இதெல்லாம் தேவையா என்று தங்கச்சி கேட்டதாக எழுதியிருந்தாய். தேவைதான் என்று உனக்குத் தோன்றினால் தேவைதான். கண்ணாடி பார்க்கும்போது மனசுக்குத் தெம்பாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் தப்பே இல்லை. உடம்புக்கு வம்பு வராமல் செய்துகொள், அவ்வளவுதான்.

இனி டை. நட்டுக்கொள்வதற்கு முன்னால் டை அடிப்பது எங்களுக்கு உபகாரம்கூட. நரைத்த முடி லென்ஸில் பார்த்தால் கண்ணாடி நூல் மாதிரி இருக்கும். வெளிச்சம் ஊடுருவிப் போய்விடும். எந்தக் கோணத்தில் தோலுக்குள் இறங்குகிறது என்று பிடிபடாமல் ஊசியை இறக்கினால் வேர் வெட்டுப்பட்டு அந்தக் கிராஃப்ட் வீணாகிவிடும். உனக்குப் பின்னால் பாதிக்கு மேல் நரை. அதனால் டை அடித்துக்கொண்டு வரச் சொல்வார்கள் என்றே நினைக்கிறேன். எப்போது அடிக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆபரேஷன் தியேட்டரில் பின்மண்டையை ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் விட்டு மழித்துவிடுவோம். நீ பத்து நாளைக்கு முன்பே அடித்துவிட்டு வந்தால் கறுப்பான பகுதி முழுக்க மழிப்பில் போய், அடியில் வளர்ந்த வெள்ளை மட்டும் மிஞ்சும். முந்தின நாள் ராத்திரியும் அடிக்கக் கூடாது. டை அலர்ஜி உடனே தெரியாது. ஓரிரண்டு நாள் கழித்துத்தான் கிளம்பும். ஆபரேஷனுக்குப் பிறகு மூன்றாவது, நான்காவது நாள் நெற்றியும் கண்ணும் வீங்குவது சாதாரணம். அந்த நேரத்தில் டை அலர்ஜியும் சேர்ந்துகொண்டால் எது எதனால் என்றே பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் இரண்டு, மூன்று நாளைக்கு முன்பு, ஏற்கெனவே பரிசோதித்துப் பார்த்த டையைத்தான் போட வேண்டும். மழித்த பிறகு உன் முடிக்குத் தாங்களே சாயம் போட்டுவிடும் டாக்டர்களும் உண்டு, முதலிலேயே கேட்டுவிடு.

போன வருஷம் ஒருவர் தேதிக்கு இரண்டு நாள் முன்பு, கடையில் கிடைத்த புது பாக்கெட்டை வாங்கித் தேய்த்துவிட்டு வந்தார். மேஜையில் படுக்க வைத்து விளக்கைத் திருப்பினால், காதோரமும் பிடரியும் சிவந்து, பொடிப்பொடியாக நீர் கோத்திருந்தது. இமைகள் தடித்திருந்தன. பல வருஷமாக டை அடிக்கிறேனே, எனக்கு ஒன்றும் ஆனதில்லையே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். டாக்டர் தேதியைத் தள்ளிவைத்துவிட்டார். பல வருஷம் ஒத்துக்கொண்ட டை ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், கணேசா. கறுப்பு டைகளில் பெரும்பாலும் பாரா ஃபினிலீன் டையமின் இருக்கும். பாக்கெட்டில் பிபிடி என்று போட்டிருப்பார்கள். அமெரிக்கத் தொடு ஒவ்வாமை டாக்டர்கள் சங்கம் 2006-இல் ‘இந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று இதைத்தான் அறிவித்தது. ஐரோப்பாவில் தலையில் படும் கலவையில் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. ‘அம்மோனியா இல்லாதது’ என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருந்தால் பிபிடியும் இல்லை என்று அர்த்தமில்லை. ஷாம்பு மாதிரி தேய்க்கும் டைகளிலும் நிறைய இருக்கிறது.

அதனால் கல்யாணத்துக்கு அடிக்கும் டையிலிருந்தே இதைப் பழக்கமாக்கிக்கொள். பாக்கெட்டில் சொன்னபடி கொஞ்சம் கலந்து, காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ பொட்டு அளவு தடவி, 48 மணி நேரம் பார். அரிப்போ சிவப்போ தடிப்போ வந்தால் அந்த டை உனக்கு வேண்டவே வேண்டாம். வந்ததை டாக்டரிடமும் சொல். பிபிடி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு பென்சோகெயின், புரோகெயின் வகை மரப்பு மருந்துகளும் சில நேரம் ஒத்துக்கொள்ளாது. இந்த ஆபரேஷனுக்கு வழக்கமாகப் போடும் லிக்னோகெயின் வேறு வகைதான். இருந்தாலும் அவருக்குத் தெரிந்திருப்பது நல்லது.

நட்ட பிறகு பொறுமை வேண்டும். பத்து நாளில் கிராஃப்ட் பிடித்துக்கொள்ளும், இரண்டு வாரத்துக்குள் பொருக்கெல்லாம் உதிர்ந்துவிடும். அதோடு சரியாகிவிட்டது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். மறுபடி டை அடிக்கக் குறைந்தது நான்கு வாரம் ஆக வேண்டும் என்பார்கள் சில டாக்டர்கள், ஆறு எட்டு வாரம் என்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் இரண்டு மாதம் பொறு. எனக்குப் பெரிய பயம் எது தெரியுமா? நட்ட இடமும் எடுத்த இடமும் பல வாரம், சிலருக்கு மாதக்கணக்கில், மரத்துப்போய்க் கிடக்கும். சாதாரணமாக டை எரிந்தால் உடனே ஓடிப்போய்க் கழுவிவிடுவாய். மரத்த தோல் எரிச்சலைச் சொல்லாது. பெராக்சைடும் அம்மோனியாவும் அரைமணி நேரம் தோலை வேகவைத்தாலும் உனக்குத் தெரியாது. அதனால், விரலால் தொட்டால் தொடுவது நன்றாகத் தெரிகிற வரைக்கும் டை கிட்டவே வரக் கூடாது. புது முடி வெளியே வரும் மாதங்களில் சிலருக்குத் தலையில் பருப்பருவாகக் கிளம்பும். அது ஆறும் வரைக்கும் வேண்டாம். முடி வளரத் தலையில் தடவும் மினாக்ஸிடில் மருந்தை டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தால், டை அடிக்கும் அன்றைக்கு அதைப் போடுவதா நிறுத்துவதா என்று அவரையே கேட்டுக்கொள்.

மருதாணி போட்டால் என்ன என்றும் கேட்டிருக்கிறாய். இலையை அரைத்தோ சுத்தமான பொடியிலோ போடுவது நல்லதுதான். திண்டிவனம் பக்கம் விளைகிற அவுரிப் பொடியை மருதாணிக்கு மேல் போட்டால் கறுப்பும் வரும், நேரம்தான் பிடிக்கும். ஆனால் காய்ந்த பிறகு மண் மாதிரி ஒட்டிக்கொள்ளும், அதைக் கழுவத் தேய்க்கத் தேய்க்க நட்ட இடம் தாங்காது. அதனால் மருதாணிக்கும் அதே இரண்டு மாதம். கடையில் ‘கறுப்பு மருதாணி’ என்று விற்பதை வாங்கவே வாங்காதே. மருதாணி இலை தானாகச் செம்மஞ்சளாகத்தான் பிடிக்கும். அரைமணி நேரத்தில் கறுக்கிறதென்றால் உள்ளே பெரும்பாலும் பிபிடிதான்.

இன்னொன்று. நீ எழுதியிருந்த பியூட்டி பார்லர் பேக்கேஜ் வேண்டாம். பணம் குறைவு என்று ஆசைப்படாதே. 2016-இல் சென்னையில் முடி நடப் போன மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் இறந்துபோனார். டாக்டராக வேண்டிய பிள்ளை. தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், முறையான பயிற்சி உள்ள டாக்டர்தான் இதைச் செய்ய வேண்டும், வீடியோவைப் பார்த்துக் கற்றுக்கொண்டது போதாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பிளாஸ்டிக் சர்ஜனோ தோல் டாக்டரோ, பதிவு எண்ணைக் கேட்டு வாங்கு. மரப்பு ஊசி யார் போடுவார்கள், திடீரென்று ஒன்று என்றால் என்ன ஏற்பாடு என்று நேரடியாகக் கேள். தயங்குகிற இடத்தில் அட்வான்ஸ் கட்டாதே. நீ சாப்பிடும் ஆஸ்பிரின் மாத்திரையை நிறுத்துவதா வேண்டாமா என்பதை உன் இதய டாக்டரும் முடி நடும் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும், நீயாக நிறுத்திவிடாதே.

கல்யாண டையை முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடு. இந்த வாரமே காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்துவிட்டு, என்ன ஆயிற்று என்று போனில் சொல். அத்தையிடமும் தங்கச்சியிடமும் நான் விசாரித்ததாகச் சொல். பத்திரிகை அடித்ததும் எனக்கு ஒரு கட்டு அனுப்பு; இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
சிவா