செயலாளர் ஆண்டறிக்கை: கயத்தாறு போய் வந்த ஆண்டு

தலைவர் அவர்களே, பொருளாளர் அண்ணாச்சி அவர்களே, மன்றத்தின் மூத்த உறுப்பினர்களே, தாய்மார்களே, தம்பிமார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. ஊர்க் கோயில் கொடைத் திருவிழா நேரத்தில் ஒரு மாதம் மட்டும் கூட முடியவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ரசீதுகள் மேஜையில் இருக்கின்றன, யாரும் எடுத்துப் பார்க்கலாம். ஜூலை 21, நடிகர் திலகம் சிவாஜி கணேசனின் நினைவு நாளில், வழக்கம்போல் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகங்கள் கொடுத்தோம்.

அக்டோபர் 1, அவருடைய பிறந்தநாள் அன்று ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தைத் திரையிட்டோம். வாடகைக்குச் சொல்லியிருந்த இடத்திலிருந்து புரொஜக்டர் ஒரு மணி நேரம் பிந்தி வந்தது, ஸ்பீக்கரும் கரகரத்தது. பந்தல் போட வந்த தம்பிதான் தன் வீட்டு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து மானத்தைக் காப்பாற்றினார். அவருக்கு நன்றி. சிறையில் வ.உ.சி. செக்கிழுக்கும் கட்டம் வந்தபோது கூட்டத்தில் ஒரு சத்தமில்லை. படம் முடிந்ததும் ஏழாவது படிக்கிற பிள்ளை ஒன்று என்னிடம் வந்து, “மாமா, நெசமாவே மாட்டுக்குப் பதிலா அவங்கள கட்டினாங்களா?” என்று கேட்டது. நிஜம்தான் என்றேன். ஒட்டப்பிடாரத்தில் பிறந்த அந்த வக்கீல் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதையும், 1908 மார்ச்சில் அவரைக் கைது செய்ததும் நம் திருநெல்வேலியே கொந்தளித்துத் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போனதையும் சொன்னேன். அந்தப் பிள்ளை நடந்து போகிற தெருக்களில்தான் அது நடந்தது என்று அன்றுதான் அதற்குத் தெரிந்தது.

1961-ல் வெளிவந்தபோது அந்தப் படத்துக்குப் பெரிய வசூல் இல்லை. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. அதில் பாரதியாக வந்த எஸ்.வி. சுப்பையா நம் செங்கோட்டைக்காரர். இதைச் சொன்னபோது தென்காசிப் பக்கத்து உறுப்பினர்கள் கை தட்டியது இன்னும் காதில் இருக்கிறது.

இந்த ஆண்டின் பெரிய காரியம் கயத்தாறு பயணம். 1799-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட அதே அக்டோபர் 16 அன்று, இரண்டு வேன்களில், புளியோதரைப் பொட்டலத்தோடு போனோம். காற்றாலைகள் நிற்கிற அந்த வெட்டவெளியில், சாலையோரம் கட்டபொம்மன் சிலை நிற்கிறது. அந்த இடத்தைத் தன் பணத்தில் வாங்கிச் சிலை வைத்தவர் சிவாஜி கணேசன். அவர் விழுப்புரத்தில் பிறந்தவர். நம் ஜில்லாக்காரர் இல்லை. வேறு ஊர்க்காரர் ஒருவர் நம் மண்ணில் செய்துவிட்டுப் போனதை நாம் எத்தனை பேர் இறங்கி நின்று பார்த்திருக்கிறோம்? மதுரைக்கு எத்தனையோ தடவை அந்த வழியாகவே போயிருந்தும், எங்களில் பாதிப் பேர் அன்றுதான் முதன்முதலாக அங்கே இறங்கினோம்.

அவர் நடிக்க வந்ததே கட்டபொம்மனால்தான். சின்ன வயதில் கட்டபொம்மன் கூத்து பார்த்து, அந்த ஆசையில் நாடகக் கம்பெனியில் போய்ச் சேர்ந்த பிள்ளை அவர். பெண் வேடம் போட்டார், ஊர் ஊராக அலைந்தார். அண்ணாவின் நாடகத்தில் மராட்டிய மன்னராக நடித்ததைப் பார்த்துப் பெரியார் ‘சிவாஜி’ என்று அழைத்தார். 1952-ல் ‘பராசக்தி’ வந்தது. அதற்குப் பிறகும் கூத்தில் பார்த்த அந்த ராஜாவை அவர் விடவில்லை. 1957-ல் கட்டபொம்மனை மேடை நாடகமாக நடத்தினார். 1959-ல் பி.ஆர். பந்துலு அதையே வண்ணப் படமாக எடுத்தார். 1960-ல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் படவிழாவில் சிறந்த நடிகர் விருது அந்த வேடத்துக்குத்தான் கிடைத்தது. பாஞ்சாலங்குறிச்சிக்காரன் கதை நைல் நதிக்கரை வரைக்கும் போயிற்று.

திரும்பி வரும்போது வேனில் ஒரு தம்பி கேட்டார்: “அண்ணாச்சி, கொஞ்சம் கூடுதலா நடிக்கிற மாதிரி தெரியலையா?” நியாயமான கேள்வி. நான் சொன்ன பதிலை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். கடைசி வரிசையில் மணலில் உட்கார்ந்திருப்பவனுக்கும் புருவம் தெரிய வேண்டும், குரல் கேட்க வேண்டும் என்று பழகிய நாடகக் கம்பெனிப் பாடம் அது. ராஜா வேடத்துக்கு அது வேண்டும். அதே மனிதர் 1985-ல் ‘முதல் மரியாதை’யில் ஊர்ப் பெரியவராக வந்தபோது குரலை உயர்த்தவே இல்லை, தோளில் துண்டு கிடக்கிற விதத்திலேயே அந்த ஆளின் துக்கம் தெரிந்தது. கூட்டவும் குறைக்கவும் தெரிந்த கை அது. அந்தத் தம்பி மறுவாரம் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார்; ரொம்ப நேரம் பேசினார்.

பயணத்தில் எங்களோடு வந்த ஓர் ஆச்சி, சிறு பிள்ளையாக வண்டி கட்டிப்போய் டூரிங் டாக்கீஸில் கட்டபொம்மன் பார்த்த கதையைச் சொன்னார். படம் முடிந்து வீடு திரும்பியதும் அவருடைய அம்மா அடுப்புப் பற்ற வைக்கவில்லையாம். சாவு வீட்டில் அடுப்பெரியக் கூடாது என்றாராம். இதைக் கேட்ட பிறகுதான், பெரியவர்களின் நினைவுகளை எழுதி வைப்பது என்று செயற்குழு முடிவு செய்தது. ஒரு நோட்டு நிறைந்துவிட்டது. தரை டிக்கெட், பாட்டுப் புத்தகம், இடைவேளைக் கடலை, மழையில் நின்றுபோன ஆட்டம் எல்லாம் அதில் இருக்கின்றன.

வருத்தமான செய்தி ஒன்று. தொடக்க நாள் முதல் நம்மோடு இருந்த ஒரு மூத்த உறுப்பினர் தை மாதம் காலமானார். கட்டபொம்மன் வசனத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்வார். அடுத்த ஞாயிறு வருகிறோம் என்று சொல்லியிருந்தோம்; அந்த ஞாயிறுக்குள் போய்விட்டார். நோட்டில் அவர் பெயர் எழுதிய பக்கம் காலியாகவே இருக்கிறது. அதை அப்படியே விட்டிருக்கிறோம்.

ஆகவே வரும் ஆண்டில் இந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. ஞாயிறுதோறும் இருவர் இருவராக வீடுகளுக்குப் போக ஆட்கள் தேவை. கையெழுத்துத் தெளிவாக உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். வீட்டுப் பரணில் பழைய பாட்டுப் புத்தகங்கள் கிடந்தால் கொண்டு வாருங்கள், படம் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருகிறோம். முதல் வீடு அந்த ஆச்சி வீடுதான். வருகிற ஞாயிறு காலை பத்து மணி.

இப்படிக்கு,
செயலாளர்